காளைகளின் கல்லறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

ரிட்டையர் ஆனதும் பையன் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கைகர் கவுண்டர் வாங்கிக் கொடுத்தான். முப்பத்தோரு வருடம் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் டெக்னீசியனாக இருந்த அப்பாவுக்கு வேறு என்ன வாங்கித் தருவது என்று அவனுக்குத் தெரியவில்லை போல. போன நவம்பரில் எகிப்துக்குப் போனபோது அதையும் பையில் போட்டுக்கொண்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் செராபியம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். ஆப்பிஸ் என்ற புனிதக் காளைகளைப் புதைப்பதற்காகச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து போட்ட நீளமான சுரங்கப்பாதை. 1850-இல் மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்பிங்க்ஸ் தலையைப் பார்த்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்த பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் மரியெத் அடுத்த ஆண்டு உள்ளே நுழைந்தார். பாதையின் இரு பக்கமும் மாடங்கள், அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட கல் பெட்டிகள். பலவும் அஸ்வான் கிரானைட். ஒவ்வொன்றும் சுமார் அறுபது டன் என்கிறார்கள். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் நம் ஊர் மாட்டுத் தொழுவம் ஞாபகத்துக்கு வராது, லாரி ஷெட்தான் வரும்.

கவுண்டரைப் பெட்டியோரம் வைத்தேன். ஓட்டல் அறையில் மணிக்கு 0.09 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு சீவர்ட்) காட்டியது இங்கே 0.2-க்குப் போனது. எங்கள் குழுவில் வந்த ஒரு மதுரைக்காரர் பதறிப் பின்னால் நகர்ந்துவிட்டார். கிரானைட் அப்படித்தான் சார், கதிரியக்க மணல் இருக்கும் நம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் வைத்தால் இதைவிட அதிகமாகக் கத்தும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

அவர் பயந்தது தப்பான பொருளுக்கு. அங்கே கவலைப்பட வேண்டியது காற்று. பாறையில் துளியளவு யுரேனியம் இருக்கும். அது சிதைந்து ரேடியம், ரேடியம் சிதைந்து ரேடான். ரேடான் வாயு என்பதால் விரிசல் வழியாக வெளியே வந்துவிடும். நிறமில்லை, மணமில்லை. அரை ஆயுள் 3.8 நாள். திறந்தவெளியில் கலந்து கரைந்துபோகும். மூடிய சுரங்கத்தில் தங்கிச் சேரும். மூச்சில் போன ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அதன் வாரிசுகளான பொலோனியம் அணுக்கள்தான் தூசியில் ஒட்டி நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு ஆல்பா துகளை விடுகின்றன. ஆல்பாவை ஒரு தாள் தடுத்துவிடும், அதனால் என் கவுண்டரின் பிளாஸ்டிக் உறைக்குள் அது நுழையவே நுழையாது. பையன் வாங்கித் தந்த பொம்மை, பயப்பட வேண்டாத கிரானைட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, காற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சக்காராவின் பிரமிடுகளிலும் கல்லறைகளிலும் ரேடான் அளந்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பயணிகளைவிட அங்கே வேலை செய்பவர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும். வேலையிடத்தில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 300 பெக்கரல் ரேடான் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வைத்த அதிகபட்சக் குறிப்பு அளவு. வருடம் 2,000 மணி நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தால், சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி சுமார் 4 மில்லிசீவர்ட். காற்றோட்டமில்லாத ஒரு கல்லறையில் 3,000 பெக்கரல் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 ஆகிவிடும். சுற்றுலாக் குகைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அதே ஆணையம் இரட்டிப்பாகப் போடச் சொல்கிறது, அப்படியானால் 80. கதிர்வீச்சோடு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20-தான் உச்சவரம்பு. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வரும் எனக்கோ, இரட்டிப்பாகப் போட்டாலும் 0.04. போக வர விமானத்தில் வாங்கியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆக, கணக்கு முழுவதும் ஒரு மனிதர் மேல் வந்து விழுகிறது. அவரைப் பாதையின் இரண்டாவது திருப்பத்தில் பார்த்தேன். சாம்பல் நிற கலாபியா என்ற நீள அங்கி, கழுத்தில் கம்பளித் துண்டு, வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. காவலாளி. கையில் டார்ச். மரத்தடுப்புக்கு அப்பால் அடித்துக் காட்டிவிட்டுப் பக்‌ஷீஷ் கேட்டார். எங்கள் வழிகாட்டி மூலம் பேச்சுக் கொடுத்தேன். ஒன்பது வருடமாக இந்த வேலையாம். ஜூலை, ஆகஸ்டில் நாற்காலியை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வாராம், வெளியே வெயில் தாங்காது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும். எனக்குப் பகீரென்றது. வெளியே சூடாக இருக்கும்போதுதான் உள்ளிருக்கும் குளிர்ந்த காற்று கனமாகி அசையாமல் கிடக்கும். பல குகைகளில் ரேடான் ஏறுவது கோடையில்தான்.

சட்டைப் பையில் சிகரெட் பெட்டி வேறு தெரிந்தது. ரேடானும் புகையும் ஒன்று சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தை இன்னும் தூக்கிவிடும்.

முப்பத்தோரு வருடம் நான் நெஞ்சில், வாங்கிய கதிர்வீச்சைப் பதிந்து வைக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி அனுப்புவோம், ரிப்போர்ட் வரும், கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை தொலைத்துவிட்டு விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். இவர் நெஞ்சில் பேனாகூட இல்லை. அந்த பேட்ஜ் ரேடானை அளக்காது என்பது வேறு விஷயம், அதற்கு வேறு வழி இருக்கிறது. டப்பாவுக்குள் சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் துண்டு, மூக்குக் கண்ணாடிக்குப் போடுவார்களே, அதே பிளாஸ்டிக். ஆல்பா பட்ட இடத்தில் தழும்பு விழும். சில மாதம் தொங்கவிட்டு, காரத்தில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பில் தழும்புகளை எண்ணிவிடலாம். மின்சாரம்கூட வேண்டாம். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகை வழிகாட்டிகளுக்கு ரேடான் டோஸ் கணக்கே வைக்கிறார்கள்.

மின்விசிறி போட்டுக் காற்றை வெளியே தள்ளினால் என்ன என்று கேட்கலாம். செராபியத்தில் ஒருவேளை சரிப்படும். வண்ணம் தீட்டிய கல்லறைகளில் வெளிக்காற்றின் ஈரமும் சூடும் சுவரைத் தின்றுவிடும் என்பார்கள் தொல்லியல் ஆட்கள். அது நியாயமான பயம்தான். அப்படியென்றால் ஆளையாவது மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம், நாலு மணி நேரம் கீழே, நாலு மணி நேரம் மேலே டிக்கெட் வாசலில். அதற்குக் கருவி வேண்டாம், ஒரு அட்டவணை போதும்.

கிளம்பும்போது வழிகாட்டியிடம், நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே காற்று நன்றாக வரும் என்றேன். மொழிபெயர்த்தார். காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அரபியில் ஏதோ சொன்னார்.

"வாசலில் போட்டால் சூப்பர்வைசர் கண்ணில் படுவேன் என்கிறார்."

நூறு எகிப்திய பவுண்டு கொடுத்தேன். மேலே வந்ததும் மனைவி, எதுக்கு அவ்வளவு என்றாள்.

பின்னால் திரும்பிப் பார்த்தபோது டார்ச் வெளிச்சம் அடுத்த குழுவுக்காக மாடத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது.