பாதரச மீட்டரில் பிரேக்குதான் விஷயம்

1880களில் மின்சாரம் விற்கத் தொடங்கியவர்களுக்கு, விளக்கை எரிய வைப்பதைவிட, எவ்வளவு எரிந்தது என்று கணக்குச் சொல்வது பெரும்பாடாக இருந்தது. எடிசன் கம்பெனி துத்தநாகத் தகடுகளைக் கரைசலில் தொங்கவிட்டு, மாதாமாதம் கழற்றி எடை பார்த்து பில் போட்டது. வீட்டுக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. இங்கிலாந்தில் செபாஸ்டியன் ஜியானி டி ஃபெரான்டி வேறு வழி பிடித்தார். ஆழமில்லாத வட்டத் தொட்டியில் பாதரசம், அதன் நடுவிலிருந்து விளிம்புக்கு மின்னோட்டம், மேலும் கீழும் காந்தம். பாதரசம் தானாகச் சுற்றும். அதில் மூழ்கிய சின்னத் துடுப்பும் கூடவே சுற்றி, பல்சக்கரங்களைத் தள்ளி, எண்ணைக் காட்டும்.

மின் அளவியல் பாடப்புத்தகங்களில் இந்த ஃபெரான்டி மீட்டரின் பிற்கால வடிவத்துக்கு இன்னமும் ஓரிரண்டு பக்கம் உண்டு. படத்தில் ஓர் இரும்புப் பட்டையில் சில சுற்றுக் கம்பி சுற்றியிருக்கும். 'திரவ உராய்வை ஈடுகட்டும் சுருள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதைச் செய்ய உட்கார்ந்தேன். அந்தச் சுருள் ஏன் வேண்டியிருந்தது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசை.

முதலில் ஒரு விஷயம். பாதரசம் வேண்டாம். அதன் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வீட்டுத் தரையில் சிந்தினால் இண்டு இடுக்கிலிருந்து எடுத்து மாளாது. பழைய இரும்புக் கடையில் இப்படிப்பட்ட மீட்டர் கிடைத்தால் திறக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். நான் பயன்படுத்தியது கேலியம், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகக் கலவை. அறை வெப்பத்தில் எப்போதும் திரவம்தான். ஆவி கிளம்பாது. மின்சாரத்தைப் பாதரசத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். ஒரே கண்டிஷன்: அலுமினியத்தைப் பக்கத்தில் விடக்கூடாது, ஊடுருவி நொறுக்கிவிடும். அதனால் தாங்குசட்டம் எல்லாம் அக்ரிலிக்கிலும் பித்தளையிலும் செய்தேன்.

முதல் வடிவம் ஃபெரான்டியின் வழியிலேயே. 50 மி.மீ. உள்விட்டம் கொண்ட அக்ரிலிக் கிண்ணம், உள்சுவரில் செம்பு வளையம், நடுவில் செம்புத் தண்டு. கிண்ணத்துக்கு மேலும் கீழும் தேனிரும்புத் துண்டுகள். அவற்றைச் சுற்றிய கம்பியிலும் அதே மின்னோட்டம்தான் ஓடுகிறது. இந்த வடிவத்தின் அழகே இதில்தான் இருக்கிறது. காந்தப்புலம் மின்னோட்டத்துக்கு ஏற்றபடி கூடும், அந்தப் புலத்துக்குள் ஓடுவதும் அதே மின்னோட்டம், ஆகவே தள்ளும் விசை மின்னோட்டத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. இன்னொரு பக்கம், கலங்கி ஓடும் திரவத்தின் உராய்வு வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. வர்க்கத்துக்கு வர்க்கம் சரியாகப் போக, வேகம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாக வந்து நிற்கிறது. தனியாக பிரேக் எதுவும் வைக்காமல், திரவத்தின் உராய்வையே பிரேக்காக்கிய யோசனை. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதே மனசு நிறைந்துவிட்டது.

கேலியக் கலவைக்குப் பாதரசத்துக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. காற்று பட்ட உடனே, பால்மேல் ஆடை படிவதுபோல, மெல்லிய ஆக்சைடு தோல் மூடிக்கொள்கிறது. உள்ளே திரவம் சுற்றினாலும் மேலே தோல் சுருங்கிச் சுருங்கிப் பிடித்து இழுக்கும். மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மேலே ஒரு அடுக்கு ஊற்றினால் தோல் கரைந்து, முகம் பார்க்கும் அளவு பளபளப்பாகிறது. பவர் சப்ளையைத் திருகியதும் நடுத்தண்டைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, முழுக் கிண்ணமும் சுழல ஆரம்பித்தது. துடுப்பின் தலையில் வெள்ளைப் பொட்டு வைத்து செல்போனில் வீடியோ எடுத்து எண்ணினேன். 2 ஆம்பியரில் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று, 4 ஆம்பியரில் 80-ஐ ஒட்டி. வர்க்கத்துக்கு வர்க்கம் என்பது உண்மைதான்.

ஆனால் 1 ஆம்பியருக்குக் கீழே துடுப்பு அசையவே இல்லை. அதே வர்க்கம்தான் இங்கே எதிரி. மின்னோட்டம் பாதியானால் விசை கால்வாசி, கால்வாசியானால் பதினாறில் ஒரு பங்கு. தண்டின் முனை உராய்வைக்கூடத் தாண்ட முடியாது. வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரிகிற நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் நின்றுபோகிற மீட்டரை வைத்து யாரும் தொழில் செய்ய முடியாது. காந்தத்தை மின்னோட்டத்தோடு கட்டாமல் தனியாக நிலையாக வைத்தால்தான் சின்ன மின்னோட்டத்துக்கும் பலம் கிடைக்கும். பர்மிங்காமில் ஜார்ஜ் ஹூக்கம் போன பாதை அதுதான்: நிலைக்காந்தம், பாதரசத்துக்குள் சுற்றும் செம்புத் தட்டு, தட்டு காந்தத்துக்கு நடுவே சுற்றும்போது அதற்குள்ளேயே எழுந்து சுழற்சியை எதிர்க்கும் மின்னோட்டம், அதாவது சுழல் மின்னோட்ட பிரேக். ஃபெரான்டி கம்பெனியின் பிற்கால மீட்டர்களும் கிட்டத்தட்ட இந்த வடிவத்துக்கே வந்து சேர்ந்தன.

என் இரண்டாவது வடிவமும் அதுதான். 50 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனத்தில் செம்புத் தட்டு. மேலும் கீழும் 1 மி.மீ. இடைவெளி விட்டு மூடிய அக்ரிலிக் அறை. மூடியிருப்பதால் ஆக்சைடு தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. தட்டின் இரண்டு முகங்களிலும் வார்னிஷ் பூசி, விளிம்பையும் நடுப்பகுதியையும் மட்டும் வெறுமையாக விட வேண்டும், அப்போதுதான் மின்னோட்டம் விளிம்பில் ஏறி, ஆரத்தோடு ஓடி, நடுவில் இறங்கும். பழைய மீட்டர்களில் அந்த விளிம்பைப் பாதரசத்தால் ரசம் பூசியிருப்பார்கள். நான் அமிலத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியில் ஒரு துளி கலவையைத் தொட்டு விளிம்பு முழுக்க தேய்த்தேன். கொஞ்ச நேரம் உருண்டு விலகிப்போகும், பிறகு சட்டென்று ஒட்டிப் பரவும். செம்பின் சிவப்பு மறைந்து வெள்ளி நிறம் சுற்றி வருவதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். ஒரு இடம் விட்டுப்போனாலும் தட்டு அந்த இடம் வரும்போது தயங்குகிறது, அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

இங்கேதான் பாதரசத்தின் அருமை புரிந்தது. பாதரசத்தின் அடர்த்தி 13.5, செம்பின் அடர்த்தி 9-க்குக் கொஞ்சம் குறைவு. பாதரசத்தில் செம்புத் தட்டு மிதக்கும்! அடித்தாங்கியின் மேல் பாரமே விழாது. மிதப்பு அதிகமானால் தண்டில் சின்ன எடை கட்டி அடக்கிக்கொள்ளலாம். மின்சாரம் கொண்டுபோகவும், தட்டைத் தாங்கவும் ஒரே திரவம். என் கலவையின் அடர்த்தி 6.4 மட்டுமே, செம்பு மூழ்கிவிடும். தட்டின் எடை 17.6 கிராம், திரவம் தூக்குவது 12.6 கிராம், மீதி 5 கிராம் அடிமுனையில் உட்காரும். தண்டைச் சுற்றி ஒரு கன செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அக்ரிலிக் வளையம் ஒன்றை ஒட்டி அதைச் சமன் செய்தேன், அறையின் நடுவில் அதற்காகக் குழி எடுக்க வேண்டி வந்தது. லேத் பட்டறை அண்ணன் அந்தக் குழியைத் தட்டோடு மையம் பிசகாமல் கடைந்து கொடுத்தார். அதன் பிறகு மெல்ல ஊதினாலே தண்டு திரும்பும் அளவுக்கு வந்தது.

காந்தங்கள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்கு அடியில்தான் மின்னோட்டம் தட்டுக்குள் ஏறும் இடம், அது தள்ளும். எதிர்ப்பக்கம் இருப்பது பிரேக் மட்டும். உண்மையில் இரண்டுமே பிரேக் பிடிக்கின்றன. முதலில் ஸ்பீக்கரில் வருகிற ஃபெரைட் காந்தங்களைப் போட்டேன். அரை ஆம்பியருக்கு, ஆம்பியர் ஒன்றுக்கு நிமிடத்தில் 11.2 சுற்று என்ற கணக்கு. 1 ஆம்பியரில் 12. 3 ஆம்பியரில் 12.3. 5 ஆம்பியரில் 11.6-க்கு இறங்கிவிட்டது. கீழ்முனையில் தாங்கி உராய்வு தின்கிறது, மேல்முனையில் திரவ உராய்வு தின்கிறது, நடுவில் ஒரு திமில். பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரி இப்போது என் காகிதத்தில் வளைந்து கிடந்தது.

சரி, சுருளைக் கட்டிப் பார்க்கலாம் என்று, இரண்டு காந்த ஜோடிகளையும் இணைக்கும்படி ஒரு தேனிரும்புப் பட்டை வைத்து, அதில் தடிமனான கம்பியைச் சில சுற்று சுற்றி, மீட்டரின் மின்னோட்டத்தையே அதன் வழியாக விட்டேன். அது ஒரு காந்தத்தைக் கொஞ்சம் பலமாக்கி மற்றதை அதே அளவு பலவீனமாக்குகிறது. பிரேக் பிடிப்பது இரண்டு காந்தங்களின் கூட்டு வேலை என்பதால், ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மொத்த பிரேக் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தள்ளுவதோ ஒரே காந்தம், அது மட்டும் கூடுகிறது. திரவ உராய்வால் வரும் குறை மின்னோட்டத்தோடு சேர்ந்து வளர்கிறது, சுருள் கொடுக்கிற ஈடும் மின்னோட்டத்தோடு சேர்ந்து வளர்கிறது. இரண்டும் ஒரே சாய்வில் ஏற, 5 ஆம்பியரில் 12.2 வந்தது. சுருளின் முனைகளை மாற்றிப் போட்டால் திமில் இன்னும் செங்குத்தாக விழுகிறது, அதையும் பார்த்துக்கொண்டேன். இத்தனை வேலையை நாலைந்து சுற்றுக் கம்பியால் முடித்தவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

அடுத்து, ஃபெரைட்டைவிட வலுவான நியோடிமியம் காந்தம். இதைப் போட்டால் தட்டு வேகமாகச் சுற்றும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு: ஆம்பியருக்கு 12 சுற்று இருந்தது 5-க்கும் கீழே இறங்கியது. காந்தம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை இரண்டு மடங்கு, சுழல் மின்னோட்ட பிரேக் நான்கு மடங்கு. ஆகவே வேகம் பாதி. ஆனால் மீட்டர் என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். வேகம் குறைந்ததால் திரவ உராய்வு பிரேக்கின் பக்கத்தில்கூட நிற்க முடியாத அளவு சிறுத்துவிட்டது. தள்ளுவிசை கூடியதால் 0.2 ஆம்பியரில் நகரத் தொடங்கிய தட்டு, 0.06-லேயே நகர்ந்தது. திமில் காணாமல் போயிற்று, சுருளும் தேவைப்படவில்லை. 19-ஆம் நூற்றாண்டுக்காரர்களிடம் இப்படிப்பட்ட காந்தம் இருந்திருந்தால் அந்த இரும்புப் பட்டை படத்திலேயே இருந்திருக்காது. அவர்களுக்குக் கிடைத்தது டங்ஸ்டன் எஃகுக் காந்தம். நாளாக நாளாகவும், ஷார்ட் சர்க்யூட்டில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தாலும் அது வலுவிழக்கும். இதே கணக்குப்படி, காந்தம் ஒரு சதவீதம் தளர்ந்தால் மீட்டர் ஒரு சதவீதம் வேகமாக ஓடும், நஷ்டம் வீட்டுக்காரருக்கு. அந்தக் காலத்து மீட்டரில் காந்தத்தை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, வலு நிலைத்த பிறகே பொருத்துவது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. தள்ளும் பக்கத்தைவிட பிரேக் பக்கத்தில் செலவழித்த ஒவ்வொரு மணி நேரமும் எனக்குப் பலன் கொடுத்தது.

இப்போது மிச்சமிருக்கும் பெரிய பிழை வெப்பம். காலையில் எடுத்த அளவையும் பிற்பகலில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்தால், 10 டிகிரி வித்தியாசத்துக்குத் தட்டு ஏறக்குறைய 5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. காரணம் தெளிவு. செம்பு சூடானால் அதன் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், சுழல் மின்னோட்டம் குறையும், பிரேக் தளரும். நியோடிமியமும் சூட்டில் டிகிரிக்கு 0.1 சதவீதத்துக்குச் சற்று மேலே வலுக் குறைகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

இதற்கு நான் செய்தது: முழு மின்னோட்டத்தையும் தட்டுக்குள் விடாமல், மாங்கனின் கம்பியால் ஒரு பக்கப்பாதை போட்டேன். மாங்கனினின் தடை வெப்பத்துக்கு அசையாது. தட்டின் பாதையில் கொஞ்சம் செம்புக் கம்பியையும் தொடராகச் சேர்த்தேன். சூடானால் செம்புப் பாதையின் தடை ஏறி, தட்டுக்குப் போகும் பங்கு குறைகிறது. பிரேக் தளர்கிற நேரத்தில் தள்ளுவதும் தளர்கிறது. 5 சதவீதம் இருந்த வித்தியாசம் 2-ஐ ஒட்டி வந்துவிட்டது. பெரிய மின்னோட்டத்தை அளக்கவும் இதே பக்கப்பாதை உதவுகிறது. விலை என்னவென்றால், தட்டுக்குப் போவது ஒரு பங்கு மட்டுமே என்பதால் நகரத் தொடங்கும் மின்னோட்டம் மறுபடி ஏறிவிட்டது.

மீதி 2 சதவீதத்துக்கு, செயலிழந்த பழைய தட்டு மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், மாறுமின்னோட்டத்தில் ஓடுகிற அந்த அலுமினியத் தட்டு வகை. அதன் பிரேக் காந்தத்தின் ஓரத்தில் நிக்கல்-இரும்புக் கலவையில் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது காந்தப்புலத்தில் ஒரு பகுதியைத் தன் வழியாகத் திருப்பிவிடும், சூடானால் அந்தத் திறன் குறைந்து, புலம் தட்டுக்கே போய்ச் சேரும். அதைக் கழற்றி என் காந்தங்களுக்கு அளவாக வெட்ட வேண்டும். அதற்கப்புறம், இதுவரை ஆம்பியர்-மணியை (மின்னோட்டமும் நேரமும்) மட்டும் எண்ணுகிற இந்த மீட்டரை, மின்னழுத்தத்தையும் கணக்கில் சேர்க்கும் வாட்-மணி எண்ண வைக்கப் போகிறேன். அமெரிக்காவில் சங்கமோ கம்பெனி தன் பாதரச மீட்டர்களில் செய்ததுபோல, தள்ளும் காந்தத்தின் இடத்தில் மின்னழுத்தத்தில் இயங்கும் மின்காந்தத்தை வைக்க வேண்டும். அதற்கான மெல்லிய எனாமல் கம்பி பாதி சுற்றி முடிந்திருக்கிறது.