எம்ஜிபிக்கு எத்தனை பூட்டு?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பழைய பிரிட்டிஷ் கார்களைப் பராமரிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். அங்கே வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் உற்பத்தியான ஸ்போர்ட்ஸ் கார் அது; ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கோயம்புத்தூரில் அம்பாசடரோடு பழகியவனுக்கு அதன் பானெட்டைத் திறந்தால் வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதிலுள்ள 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) ஒரே பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் எல்லாம் கைக்குத் தெரிந்தவை. எனக்குப் புதிதாக இருந்தது ஒரே ஒரு வேண்டுகோள்: "இதை யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி ஏதாவது செய்து கொடுங்கள்." அம்பாசடருக்கு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு, சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத எலக்ட்ரானிக் இம்மொபிலைசர் கட்டாயமானது 1998 அக்டோபரில்தான். அதற்குப் பல வருடம் முன்னால் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. பேட்டரியிலிருந்து சாவிக்கு ஓர் ஒயர், சாவியிலிருந்து காயிலுக்கு ஓர் ஒயர், அவ்வளவுதான் அதன் மூளை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவியின் எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்து வைத்திருந்தார்கள். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லி இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமாம்! பிற்கால எம்ஜிபிகளில் ஸ்டியரிங் லாக் உண்டு. ஆனால் ஐம்பது வருடம் தேய்ந்த பூட்டை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

முதலில் என் யோசனை முழுக்கத் திருடனைச் சுற்றித்தான் இருந்தது. அவன் எங்கே கை வைப்பான், எதை முதலில் தேடுவான் என்று. கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது, நான் யோசிக்கவேண்டிய ஆள் அவனில்லை, காரின் சொந்தக்காரர்தான். திருடன் அந்த வண்டியிடம் வருவது வாழ்நாளில் ஒரு தடவை, இல்லையென்றால் வரவே மாட்டான். சொந்தக்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார்.

ரோட்டாரைக் கழற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவுள்ள அந்தத் துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் எஞ்சின் கிளம்பாது. 1940-இல், ஜெர்மன் படைகள் வந்து இறங்கிவிடுமோ என்ற பயத்தில், ஆளில்லாமல் நிறுத்தும் காரை இப்படி ஏதாவது செய்து ஓடாமல் ஆக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிரிட்டனில் உத்தரவே போட்டிருந்தார்கள். செலவே இல்லாத வழி. ஆனால் செய்கிறவர் யார்? வெள்ளைச் சட்டையோடு சாப்பிடப் போகிற மனிதர், மழைத்தூறலில் பானெட்டைத் தூக்கிக் கையைக் கரியாக்கிக்கொள்ள மாட்டார். இரண்டு வாரம் செய்வார், அப்புறம் விட்டுவிடுவார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் செய்தார். ஒருநாள் ரோட்டார் அவருடைய கால்சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. வேறு ரோட்டார் வேண்டும் என்று அவர் மனைவிதான் போன் செய்தார். குளிர்காலம் முழுக்க கராஜில் நிற்கிற வண்டி என்றால் மட்டும் நான் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது எஞ்சினுக்கு வேண்டிய ஓர் ஒயரை வெட்டிவிடும் மறைவான சுவிட்ச். எங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான். எங்கே வைப்பது என்பதைவிட எதை வெட்டுவது என்பதில்தான் பட்டறையில் சண்டை நடக்கும். இக்னிஷனை வெட்டினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பெட்ரோல் பம்ப்பை வெட்டினால் எஞ்சின் கிளம்பும், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடும், தெருமுனையைத் தாண்டியதும் இருமிக்கொண்டே நிற்கும். திருடன் பதறிப்போய் விட்டுவிட்டு ஓடுவான் என்பது இரண்டாவது கட்சியின் வாதம். எங்கள் முதலாளி அந்தக் கட்சி. நான் முதல் கட்சி. திருடன் ஓடுவது சரி, வண்டி நிற்கப்போவது நாற்சந்தியின் நடுவில். பின்னால் வருகிற லாரி வந்து இடித்தால் திருட்டுப் போனதைவிட மோசம். தவிர, சுவிட்சைத் தட்ட மறந்துவிட்டுக் கிளம்பும் சொந்தக்காரரும் அதே நாற்சந்தியில்தான் போய் நிற்பார். திருடன் நிற்பதைவிட அவர் நிற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சுவிட்சின் தரமும் கவனிக்கவேண்டிய விஷயம். காயிலுக்குப் போகிற கரண்ட் மூன்று நான்கு ஆம்பியர்தான் என்றாலும், வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அது அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. மலிவான சுவிட்சும் அரைகுறையாக அழுத்திய கனெக்டரும் இருந்தால் மோட்டார்வேயில் எஞ்சின் அணைந்துபோகும். வேறெங்கோ போட்டு வாங்கிய "பாதுகாப்பை" கழற்றி எறியச் சொல்லி வந்த வண்டிகள் எங்களிடம் ஏராளம். நான் ஒயரை சால்டர் செய்து, பழைய ஒயர்க் கட்டின் நிறத்திலேயே டேப் சுற்றி, டேஷ்போர்டில் ஏற்கனவே இருக்கும் உபயோகமில்லாத சுவிட்ச் ஒன்றையே இதற்கு மாற்றிவிடுவேன். பனிவிளக்கே இல்லாத வண்டியில் பனிவிளக்கு சுவிட்ச் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? உட்கார்ந்தபடியே விரல் படுகிற இடம் என்பதால் சொந்தக்காரரும் மறக்கமாட்டார்.

இதெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான். எம்ஜிபியின் எடை சுமார் ஒரு டன்; நான்கு பேரும் ஒரு டிரெய்லரும் இருந்தால் சாவியே வேண்டாம். ஸ்டியரிங்கில் மாட்டும் கம்பிப் பூட்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பழைய ஸ்டியரிங்கின் வளையம் மெலிது. ரம்பத்தால் வளையத்தை அறுத்தால் பூட்டு கையோடு வந்துவிடும். முழு ஸ்டியரிங்கையும் தட்டுப் போல மூடுகிற வகை பரவாயில்லை. தூரத்திலிருந்தே கண்ணில் படுவதில்தான் அதற்கு மதிப்பு. டிரெய்லருக்குப் பதில் சொல்வது கான்கிரீட்டில் பதித்த வளையமும் தடித்த சங்கிலியும், அல்லது கராஜ் வாசலில் பூட்டி நிறுத்தும் இரும்புத் தூண்தான். இவற்றை விற்பதில் எங்கள் பட்டறைக்கு ஒரு காசும் லாபமில்லை. அதனால்தானோ என்னவோ முதலாளி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் டிராக்கர் விஷயத்தில் நடக்கிற கூத்து தனி. ஜாகுவார் ஈ-டைப் மாதிரி விலை கூடிய வண்டிகளுக்கு, தாட்சம் என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற டிராக்கர் வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்பதுண்டு. நல்ல பொருள்தான். ஆனால் அது இரவும் பகலும் பேட்டரியை உறிஞ்சுகிறது. தினமும் ஓடுகிற காருக்கு அது ஒரு பொருட்டில்லை. நவம்பரில் போர்வை போட்டு மூடி மார்ச்சில் திறக்கிற காருக்கு? பேட்டரி இறங்கிவிடும். அதைத் தடுக்கச் சொந்தக்காரர் என்ன செய்வார், பேட்டரியின் இணைப்பையே துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டி, குளிர்காலம் முழுக்க அணைத்து வைப்பார். டிராக்கருக்கும் அலாரத்துக்கும் அதே பேட்டரியிலிருந்துதான் உயிர். வண்டி ஆளில்லாமல் நிற்கிற நான்கு மாதமும் இரண்டும் செத்துக் கிடக்கும். மாதாமாதம் சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கும். இப்படி வந்த வண்டிகளில் டிராக்கரை ஐசொலேட்டருக்கு முன்னாலிருந்து, தனி ஃபியூஸ் போட்டு இழுத்துக் கொடுத்து, பேட்டரிக்குக் குளிர்கால சார்ஜர் ஒன்றும் வைக்கச் சொன்னேன். பழைய எம்ஜிபிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் ஒளிந்திருக்கும். முதுகை வளைத்து அங்கே வேலை செய்தவனுக்குத் தெரியும், சொந்தக்காரர்கள் ஏன் பேட்டரிப் பக்கமே போவதில்லை என்று.

துணிக்கூரை வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்: தெருவில் நிறுத்தும்போது கதவைப் பூட்டாமலே விடுங்கள். பத்து பவுண்டு கூலிங்கிளாஸுக்காக ஒருவன் கூரையைக் கத்தியால் கிழித்தால், புதுக் கூரைக்கு ஆகிற செலவு எங்கேயோ போய் நிற்கும். உள்ளே எதுவும் வைக்காமல் கதவைத் திறந்து விடுவது புத்திசாலித்தனம். கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிற வண்டிக்குத்தான் இதைச் சொல்வேன், இன்ஷூரன்ஸ் நிபந்தனையையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லித்தான்.

கடைசியாக ஒரு வேலை. எம்ஜிபிக்குப் புது பாடி ஷெல்லே, அதாவது காரின் முழு உடற்கூடே, வாங்கலாம். தொழிற்சாலையின் பழைய அச்சுகளை வைத்து 1988 முதல் செய்து விற்கிறார்கள். நேர்மையாகப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது வரம். திருட்டு வண்டியைப் பிரித்து விற்கிறவனுக்கும் அது வசதிதான். பழைய வண்டியின் அடையாளம் என்பது பானெட்டுக்கடியில் இருக்கும் ஒரு சின்னத் தகடு, எஞ்சின் எண், கொஞ்சம் காகிதம், அவ்வளவே. கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் அந்த வண்டியின் உற்பத்திப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள், அதை வாங்கி வைப்பது நல்லது. அதோடு, வண்டி லிஃப்டில் ஏறியிருக்கும்போதே நான் போனில் படம் எடுத்துவிடுவேன்: வெல்டிங் ஒட்டுப் போட்ட இடம், கியர்பாக்ஸ் எண், யாரோ தப்பான நிறத்தில் இழுத்த ஒயர், தரைத்தகட்டில் பழைய நசுங்கல். மீட்கப்பட்ட ஒரு வண்டி இன்னாருடையது என்று நிரூபிக்க நேர்ந்தால், பளபளக்கும் பக்கவாட்டுப் படங்களைவிட இந்த அசிங்கமான படங்கள்தான் உதவும். இதற்கு முதலாளி காசு வாங்கச் சொன்னார், நான் வாங்கவில்லை. படங்களை மின்னஞ்சலில் அனுப்பியதும் பெரும்பாலானவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: அந்த நசுங்கல் எப்போது விழுந்தது, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?