நாலு மண்டபம், ஒரு அளவு நாடா

தங்கையின் வரவேற்புக்கு இடம் தேடி மூன்று வாரமாக அலைகிறோம். நேற்றோடு நாலு மண்டபம் ஆயிற்று.

எல்லா இடத்திலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஐந்நூறு பேர் தாராளமாகக் கொள்ளும் சார்." நாற்காலியை வரிசையாக அடுக்கினால் கொள்ளும்தான். வட்ட மேசை போட்டால்? 5 அடி விட்டமுள்ள மேசையில் 8 பேர், 6 அடி என்றால் 10 பேர். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்காரவும், பின்னால் ஆள் நடக்கவும் இரண்டு மேசைக்கு நடுவில் கிட்டத்தட்ட 5 அடியாவது விட வேண்டும். மேடை, ஒலிபெருக்கிக்காரர் மூலை எல்லாம் போக மூன்றாவது மண்டபத்தில் முந்நூறு பேருக்கே மூச்சு முட்டும். அளவு நாடாவோடு நான் தவழ்ந்ததைப் பார்த்து மேலாளர் சிரித்தார். சிரிக்கட்டும்.

நாலாவது நிஜமாகவே அழகு. ஆனால் சாப்பாட்டுக் கூடம் மாடியில், லிஃப்ட் கிடையாது. பாட்டியின் முழங்காலை நினைத்து அப்படியே திரும்பிவிட்டோம்.

இப்போது மனது இரண்டாவதில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு தூண் இருக்கிறது, மேடையைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமாம். மற்ற இடங்களில் விளக்கும் மின்விசிறியும் மட்டும்தான். முன்பணத்தை எப்போது, எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்கள்.

வரும் சனிக்கிழமை அங்கே வேறொரு வரவேற்பு. கூட்டம் நிறைந்திருக்கும்போது வண்டிகள் எங்கே நிற்கின்றன, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று வாசலோரமாக நின்று பார்த்துவிட்டு வரப்போகிறேன். சாப்பிட மாட்டேன், சத்தியமாக.