கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கழிவுநீர் நிலையத்துக்கு: சேர்ந்ததிலிருந்து சான்றிதழ் வரை

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த டெல்டாப் பெண்ணுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை, பி.எட். முடித்துத் தனியார் பள்ளிக்குப் போ அல்லது டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சேர் என்பதுதான். நான் போனது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. டெல்டா நகரம் ஒன்றில் பாதாள சாக்கடைத் திட்டத்தின் கடைசி முனையில் இருக்கும் நிலையம் அது. நகராட்சிக்குச் சொந்தம், நடத்துவது ஒப்பந்த நிறுவனம். அங்கே டிரெய்னி கெமிஸ்ட்டாகச் சேர்ந்து, பிறகு ஷிப்ட் பொறுப்புக்கு வந்து, கூட வேலை பார்த்த அண்ணன்களோடு சேர்ந்து ஆப்பரேட்டர் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். "படிச்சுட்டு சாக்கடைக்கா போற?" என்றுதான் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சில சமூகத்து மக்களின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துதான் பழக்கம். அப்பா கடைமடை விவசாயி. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மற்ற மாதங்களில் நகரத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலில் ஏதாவது தண்ணீர் தெரிந்தால் அது பெரும்பாலும் சாக்கடைதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "நம்ம வயலுக்கு வர்ற தண்ணியை யாராச்சும் படிச்சவங்க பாத்தா நல்லதுதானே, போகட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சேர்ந்த புதிதில் என் உலகம் லேப் மட்டும்தான். தினசரி வேலையில் முக்கியமானது பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்கிற கணக்கு அது. 300 மில்லி கண்ணாடி பாட்டில். மூடும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. கல்லூரிப் புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள் என்று படித்திருப்போம். நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறோம். 2017-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் வெளியே விடும் தண்ணீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக்கச் சொன்னது. இந்த எண்களுக்காகத்தான் நாங்கள் எல்லாரும் அங்கே இருக்கிறோம்.

ஆனால் மூன்று நாள் கழித்து வரும் ரிசல்ட்டை வைத்து நிலையத்தை ஓட்ட முடியாது. இன்று எடுத்த தண்ணீர் ரிசல்ட் வருவதற்குள் வாய்க்கால் வழியாக வயலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியென்றால் இந்த நிமிடம் தண்ணீருக்குள் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதைக் கேட்டுக்கொண்டுதான் லேப்பை விட்டு வெளியே வந்தேன். முடிவு செய்துகொண்டிருந்தவர் எட்டாவது வரை படித்த மூத்த ஆப்பரேட்டர் அண்ணன்.

அவர் கையில் எப்போதும் ஒரு லிட்டர் மெஷரிங் சிலிண்டர் இருக்கும். நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் ஏரேஷன் டேங்க் ஓரத்தில் நின்று வாளியை இறக்கித் தண்ணீர் எடுப்பார், சிலிண்டரில் ஒரு லிட்டர் கோடு வரை ஊற்றுவார், வெயில் படாத திண்ணையில் வைத்துவிட்டு நேரம் பார்ப்பார். 30 நிமிடம் அதைத் தொடக் கூடாது, திண்ணையில் யாரும் தட்டவும் கூடாது. முதலில் முழுக்கப் பழுப்பாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பிக்கும், மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவு தெரியும். நல்ல நாளில் அந்தத் தெளிவு மளமளவென்று வளர்ந்து, அரை மணியில் ஸ்லட்ஜ், அதாவது நுண்ணுயிர்கள் திரண்ட கசடு, 350 மில்லி கோட்டுக்குப் பக்கத்தில் படிந்து நிற்கும். மோசமான நாளில் 700-லேயே நிற்கும், அல்லது படிந்த பிறகும் மேல் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியே இருக்கும். அண்ணன் எண்ணை மட்டும் பார்க்க மாட்டார். முதல் ஐந்து நிமிடத்தில் எப்படி இறங்குகிறது, ஓரம் நேராக இருக்கிறதா பிசிறாக இருக்கிறதா, டேங்க் மேலே நுரை வெள்ளையா பழுப்பா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பேசுவார். வெள்ளை வெளேர் என்று பொங்கும் நுரை என்றால் ஸ்லட்ஜ் இன்னும் இளசு, நுண்ணுயிர் எண்ணிக்கை போதவில்லை. கரும்பழுப்பில் தடிப்பாக நின்றால் கிழடாகிவிட்டது, கொஞ்சம் வெளியே எடுக்க வேண்டும்.

லேப்பில் நான் எம்.எல்.எஸ்.எஸ். பார்ப்பேன், அதாவது டேங்க் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ் துகள் என்று. அது 3500 வந்து, அண்ணனின் சிலிண்டர் 350 காட்டினால், ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்து எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்கிற எஸ்.வி.ஐ. 100, நன்றாகப் படிகிற ஸ்லட்ஜ். அது 150-ஐத் தாண்டினால், ஸ்லட்ஜைப் படியவைக்கும் தொட்டியான கிளாரிஃபையரில் தொல்லை வரப்போகிறது என்று அர்த்தம். இந்த வாய்ப்பாட்டை நான் அவருக்குச் சொன்னேன். எண் ஏறுவதற்கு முன்பே நுரையில் தெரிந்துவிடும் என்பதை அவர் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து லாக் புக்கில் நுரைக்கென்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டோம். அது இன்னும் இருக்கிறது.

டெல்டாவுக்கென்று சில பாடங்கள் உண்டு, வெளியூர்ப் பயிற்சியாளர்களுக்கு இது தெரியாது. தீபாவளி அன்று வழக்கமாகக் காலை ஏழு மணிக்கு மேல் வரும் பீக், அதாவது கழிவுநீர் அதிகமாக வரும் நேரம், விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிடும், எண்ணெயோடு. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறதே! எண்ணெய் ஏரேஷன் டேங்குக்குள் போனால் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் சேர்வது கஷ்டம். அதனால் முந்தின நாள் இரவே குப்பை பிடிக்கும் ஸ்கிரீனையும் மணல் படியும் கிரிட் சேம்பரையும் சுத்தம் செய்து, மேலே மிதப்பதை வழித்தெடுக்க ஆள் நிறுத்த வேண்டும். புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீர் யாராவது ஆள் பார்க்காத நேரத்தில் லைனில் விட்டால், ஏரேட்டர் முழுசாக ஓடினாலும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டர் 2-லிருந்து சரசரவென்று இறங்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஐப்பசி, கார்த்திகை மழை. நம் மண் களிமண், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், பைப் ஜாயின்ட் வழியாக உள்ளே கசியும். தெருவில் தண்ணீர் தேங்கினால் மக்கள் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் நடக்கும். வரத்து இரண்டு மடங்காகும்போது, மாதக்கணக்கில் வளர்த்த ஸ்லட்ஜ் கிளாரிஃபையர் விளிம்பைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும். நுண்ணுயிர்கள் போய்விட்டால் மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டவுடனே அண்ணன் ஸ்லட்ஜ் வெளியேற்றுவதை நிறுத்தச் சொல்வார், படிந்த ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்ப்பைக் கூட்டச் சொல்வார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதை இந்த வரிசையில் நான் பார்க்கவில்லை. அதனால் ஒரு நோட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது அந்த நோட்டின் நகலைத்தான்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகிறது. 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது குற்றம். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பம்பிங் ஸ்டேஷனில் கழிவுநீர் சேரும் கிணறான வெட் வெல்லில் துணியும் நாப்கினும் பம்ப்பில் சுற்றிக்கொண்டால் "ஒரு நிமிஷம் இறங்கி எடுத்துருப்பா" என்று சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் ஷிப்டில் ஒருமுறை அப்படிப் போன் வந்தது. அண்ணன் முடியாது என்றார். கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல்மட்டம், நடு, அடி என்று இறக்கிக் காட்டினார். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு 10 பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அலாரம் வைத்திருந்தோம், நடுவுக்கு வருவதற்குள் அது கத்த ஆரம்பித்தது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், 100 பி.பி.எம். போல ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று செயின் பிளாக் வைத்து பம்ப்பையே மேலே தூக்கித்தான் துணியை எடுத்தோம். நேரம் ஆனது, மேலதிகாரிகளுக்குக் கோபம். ஆகட்டும்.

இப்போது சான்றிதழ் கதை. இத்தனை தெரிந்த அண்ணன் சம்பளப் பட்டியலில் 'ஹெல்பர்'. ஒப்பந்தம் சில வருடங்களுக்கு ஒருமுறை கைமாறும், ஒவ்வொரு புது நிறுவனமும் அவரைப் புதிதாகச் சேர்ந்தவராகவே காட்டும். அனுபவமுள்ள தொழிலாளர்களைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் ஆர்.பி.எல். திட்டத்தில் எங்கள் நிலையத்து ஆட்களைச் சேர்க்கலாம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னபோது, முதலில் கேட்டது அனுபவச் சான்று. பழைய நிறுவனங்களைத் தேடிப் போனால் ஆபீஸே இல்லை. கைகொடுத்தது பி.எஃப். கணக்கு. அதன் யு.ஏ.என். என்பது ஆளுக்கு ஒரே எண், நிறுவனம் மாறினாலும் மாறாது. பாஸ்புக்கை டவுன்லோடு செய்து பார்த்தால், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் வரை பணம் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. அதையே அனுபவத்துக்கு ஆதாரமாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பி.எஃப்.பில் இனிஷியல் மட்டும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பெயரைத் திருத்தத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் படிவம் உண்டு. அந்தக் கையெழுத்துக்கு அலைந்ததுதான் இந்த முழு வேலையிலும் அதிக நாள் பிடித்தது. தேர்வைவிட இதற்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

தியரிக்கு அண்ணன்கள் பயந்தார்கள். டேப்லெட்டில் கேள்வி, நாலு பதில், ஒன்றைத் தொட வேண்டும். இரவு ஷிப்டில் வேலை ஓய்ந்த நேரத்தில் நான் கேள்வியை வாசிப்பேன், அவர்கள் பதிலோடு காரணமும் சொல்வார்கள். எனக்கு பம்ப்பும் வால்வும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தன. பிராக்டிகல் எங்கள் நிலையத்திலேயே நடந்தது. தேர்வாளர் பம்ப்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். அண்ணன் நேராகப் போய் டெலிவரி வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் திருகிப் பார்த்தார், சக்‌ஷன் வால்வு திறந்திருப்பதை உறுதி செய்தார், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார், ஆம்பியர் முள் அடங்கும் வரை காத்திருந்தார், அப்புறம் டெலிவரியை மெல்லத் திறந்தார். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "திறந்து வச்சு ஓட்டுனா மோட்டார் லோடு எடுத்துக்கும் சார்" என்றார். தேர்வாளர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எங்கள் பேட்ச் முழுக்கப் பாஸ்.

சான்றிதழ் வந்த மறுமாதமே சம்பளம் ஏறிவிடும் என்று நினைத்து யாரும் வராதீர்கள். எங்களுக்கு ஏறவில்லை. அடுத்த ஒப்பந்தம் கைமாறும்போது, சான்றுள்ளவர்களைத் திறன்பெற்ற தொழிலாளர் பிரிவில் காட்டச் சொல்லிக் கேட்டோம், காட்டினார்கள். அண்ணன் இப்போது பட்டியலில் ஆப்பரேட்டர். குறைந்தபட்சக் கூலி அந்தப் பிரிவுக்கு உரியது. இதற்குக் கேட்க வேண்டியிருந்தது, தானாக நடக்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் வேலை பேசும்போதே கேட்க வேண்டியவை: பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, யு.ஏ.என். எண் என்ன, கேஸ் டிடெக்டர் வேலை செய்கிறதா, இரவு ஷிப்டுக்குப் போக வர வண்டி உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இருக்கிறதா. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், எலிக் காய்ச்சலா என்று பார்ப்பார்.

இப்போது பம்பிங் ஸ்டேஷன் ஆட்களை அடுத்த பேட்சில் சேர்க்கும் வேலை நடக்கிறது. இந்த முறை பெயர்த் திருத்தத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது, நிறுவனம் கையெழுத்துப் போட ஆள் இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.