நூறு பேரில் எத்தனை பேர், டாக்டர்?

54 வயதில் இடது மார்பில் கட்டி, 1.8 சென்டிமீட்டர். புற்றுநோய்தான் என்று பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்றே, முதலில் பார்த்த சர்ஜன் "முழு மார்பகத்தையும் எடுத்துடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க" என்றார். வீட்டிலும் "எடுத்துட்டா நிம்மதி" என்ற பேச்சுதான். எனக்கும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே இருந்தது. பயந்து கிடக்கும்போது வேறு யாராவது முடிவெடுத்தால் சுகமாகத்தான் இருக்கிறது.

அக்காதான் தடுத்தாள். "ரெண்டு வாரம் தள்ளினா என்ன ஆகும்னு கேட்டியா?" கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார் அதே சர்ஜன்! ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) எல்லாவற்றையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் போனேன். ரிப்போர்ட் மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். திசுவை அவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை, 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளே 2002-இல் வந்துவிட்டன என்றார் அவர். கதிர்வீச்சு கட்டாயமா என்றேன். "திரும்ப வர்றதை நல்லாவே குறைக்கும்." நல்லா என்றால்? "நூறு பேரில் எத்தனை பேர், டாக்டர்?"

சிரித்துவிட்டு ஒரு தாளில் எழுதினார். அந்த ஆய்வுகளில் ஒன்றில், அதே மார்பில் திரும்ப வந்தது கதிர்வீச்சு இல்லாதவர்களில் 39 பேருக்கு, எடுத்துக்கொண்டவர்களில் 14 பேருக்கு. இப்போதைய சிகிச்சையில் இரண்டுமே இன்னும் குறைவு என்றார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் வீட்டில் வாய் மூடினார்கள்.

ஆபரேஷனும் கதிர்வீச்சும் சொன்னபடியே முடிந்தன.

அப்புறம் கீமோ. என்னுடையது ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமில்லாத வகை), நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. கீமோவால் எனக்கு என்ன லாபம் என்று கேட்டபோது, கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்ப வரும் வாய்ப்பை 0 முதல் 100 வரை ஸ்கோராகச் சொல்லும் சோதனையைச் சொன்னார். ஸ்கோர் 17. ஐம்பது தாண்டியவர்களுக்கு 25 வரை ஹார்மோன் மாத்திரையே போதும் என்று 2018-இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. நாற்பது வயதுக்காரிக்கு இதே 17 வந்திருந்தால், கீமோவால் கொஞ்சம் லாபம் இருக்கலாம் என்று பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கீமோ வேண்டாம் என்று நானும் அவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

மாத்திரை ஆரம்பித்து சில மாதத்தில் காலையில் விரல்கள் மடங்கவில்லை. நானாக நிறுத்தாமல் போய்ச் சொன்னேன், வேறு மாத்திரை தந்தார். இப்போது பரவாயில்லை. மாத்திரை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் எடுக்கச் சொன்ன எலும்பு அடர்த்தி ஸ்கேன் மட்டும் பாக்கி.