பத்து வயதுத் தோளுக்கு எத்தனை உதை?

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு இரவு. மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “இங்க வாங்க. இது என்ன?” வலது தோளில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். யார் காரணம் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வழக்கமான வான்கோழி வேட்டை சீசன் தொடங்குவதற்கு முன் ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறு 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கென்றே உண்டு. ஆறு வருடமாகப் பக்கத்துப் பண்ணைக்காரருடன் நான் போய் வருகிறேன். மகளுக்குப் பத்து வயதானதும் “நானும் வர்றேன்பா” என்றாள். சரி என்று அவளுக்காக ஒரு துப்பாக்கி வாங்கினேன். அங்கேதான் சறுக்கினேன்.

நான் வாங்கியது 20 கேஜ் (குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்), ஒற்றைத் தோட்டா, பிள்ளைகளுக்கான குட்டை மாடல். எடை ஐந்தேகால் பவுண்டு. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி என்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? வேட்டைக்குப் போடப்போகும் தோட்டாவிலேயே பழகட்டும் என்று 3 அங்குல மேக்னம், அதாவது ஈயம் கூடுதலாக அடைத்த தோட்டா, ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டேன். மூன்று முறை சுட்டாள். முதல் முறை அட்டையில் பட்டது. இரண்டாவது முறை அட்டையின் ஓரம். மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. நாலாவதாக அவளுக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வெடிக்காத துப்பாக்கிக்கே கண்ணை இறுக்கி மூடி, தோளைச் சுருக்கினாள். குழல் ஒரு சாண் கீழே இறங்கியது. “வலிக்குதா?” என்று கேட்டதற்கு “இல்லப்பா” என்றாள். அதை நம்பியது என் தப்பு.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தொழிலால் நான் இயந்திரப் பொறியாளன், இதை முன்பே போட்டிருக்க வேண்டும். தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளான ரவைகளும் வெடிமருந்து வாயுவும் முன்னால் எந்த உந்தத்தோடு போகின்றனவோ அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வருகிறது. ஆனால் தோளில் இறங்கும் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதம். எடை பாதியானால் உதை இரண்டு மடங்கு. நான் அவள் கையில் கொடுத்தது, ஒன்றேகால் அவுன்ஸ் ஈயத்தை ஐந்தேகால் பவுண்டுத் துப்பாக்கியில் வைத்து: சுமார் 33 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு). வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட நான் எடுத்துப்போகும் ஏழரை பவுண்டு 12 கேஜ் என்னை உதைப்பது சுமார் 19. எண்பது கிலோ அப்பாவுக்கு 19, முப்பத்திரண்டு கிலோ மகளுக்கு 33. இதற்குப் பெயர் பிள்ளைகள் மாடல்!

பண்ணைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவருடைய மூத்த மகனும் இப்படித்தான் எட்டு வயதில் வேட்டையை வெறுத்துப் போனானாம். “ஃபோர்-டென் வாங்கு” என்றார். .410 என்பது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம்; அமெரிக்காவில் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில் மிகச் சிறியது. அணிலுக்கும் முயலுக்கும் சரி, இருபது பவுண்டு வான்கோழிச் சேவலுக்கு அது போதாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். ஈயத்தைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சுதான். 3 அங்குல .410 தோட்டாவில் 11/16 அவுன்ஸ் ஈயம் போனால் ஆறாம் நம்பர் ரவை (நம்பர் கூடக் கூட ரவை சிறுக்கும்) 155 சொச்சம்தான். வான்கோழிக்கு உடம்பில் சுடக் கூடாது, தலையும் கழுத்தும்தான் குறி. அந்த ஒல்லியான இடத்தில் போதுமான ரவை விழ வேண்டும், விழுந்தது எலும்பை உடைக்கவும் வேண்டும்.

நிலைமையை மாற்றியது டங்ஸ்டன். டிஎஸ்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்குச் சுமார் 18 கிராம், ஈயத்துக்கு 11 சொச்சம். அதனால் ஒன்பதாம் நம்பர் ரவையே, அதாவது இரண்டு மில்லிமீட்டர், நம் வீட்டுப் பெரிய கடுகு அளவு, ஈயத்தில் மிளகை நெருங்கும் ரவை செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. 3 அங்குல .410 தோட்டாவில் 13/16 அவுன்ஸ் போட்டால் 290 ரவைக்கு மேல். விலை மட்டும் கேட்காதீர்கள். ஐந்து தோட்டா உள்ள பெட்டிக்கு நான் நாற்பது டாலருக்கு மேல் கொடுத்தேன். பண்ணைக்காரர் சொன்னார்: “வருஷத்துக்கு ஒண்ணுதானே சுடப்போறா.”

துப்பாக்கியில் இரண்டு பக்கமும் யோசித்தேன். வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி என்றால் உதையைக் கொஞ்சம் நீட்டிப் பரப்பிவிடும், கூடுதல் எடையும் நமக்குச் சாதகம். வான்கோழி வேட்டையில் நாம் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். துப்பாக்கி முக்காலியின் மேல் கிடக்கும், தூக்கிப்போவது அப்பா. அதனால் பிள்ளைக்கு லேசான துப்பாக்கிதான் வேண்டும் என்ற கவலை பாதிக்குமேல் வீண். ஆனாலும் முதல் வருடம் ஒரே தோட்டா, கண்ணுக்கு எதிரே தெரியும் சுத்தியல், திறந்தால் காலியா இல்லையா என்று எனக்கும் தெரிய வேண்டும் என்று ஸ்டீவன்ஸ் 301 என்ற ஒற்றைத் தோட்டா .410 வாங்கினேன். ஐந்து பவுண்டுதான். முன்பு பட்டது போதாதா என்று கேட்பீர்கள். அரை அவுன்ஸ் பழகுத் தோட்டாவில் இது ஆறு அடி-பவுண்டுக்குக் கிட்டே உதைக்கிறது, டங்ஸ்டனில் பதினொன்று, பன்னிரண்டு. அந்த 33-ஐ நினைத்துப் பாருங்கள்.

கட்டை நீளம் அடுத்த சிக்கல். முழங்கையை மடக்கி அடிக்கட்டையை அதன் உள்பக்கம் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும். அவளுக்கு எட்டவில்லை. ஒரு அங்குலத்துக்கு மேல் அறுத்தேன். அறுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வளரும் பிள்ளை. குழல் நுனியிலுள்ள குறிமணிக்குப் பதில் ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி, மாட்டினேன். கன்னத்தைக் கட்டையில் பதிக்காமல் தலையைத் தூக்கி மேலே சுடுவது பிள்ளைகளின் வழக்கம், சிவப்புப் புள்ளி தெரியாவிட்டால் சுடக் கூடாது என்று ஒரே விதி போட்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

பயத்தைப் போக்கத்தான் நாளானது. இரண்டு வாரம் காற்றுத் துப்பாக்கி மட்டும், சோடா டப்பாக்களின் மேல். பிறகு .410-இல் அரை அவுன்ஸ், காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுக்கவசம், ஒரு நாளைக்கு ஐந்தே தோட்டா. உதைக்கு இணையாகச் சத்தமும் பிள்ளைகளை மிரட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. டங்ஸ்டன் தோட்டாவை அவளிடம் கொடுக்கவே இல்லை. புள்ளியைச் சரிபார்க்க இருபத்தைந்து கெஜத்தில் நானே இரண்டு சுட்டேன். பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழ வேண்டும் என்பது இங்கே பழைய கணக்கு. அவள் பேனாவால் குத்திக் குத்தி எண்ணினாள். நூற்றைத் தாண்டியது, “போதும்பா, கை வலிக்குது” என்றாள். அதற்கு மேல் தூரம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அவள் ரோஜா நிறக் கையுறையைக் கேட்டு அடம்பிடித்ததுதான் நடந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் கூடாது, அது சேவலின் தலை நிறம், யாராவது சுட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி, மறைவுக் கூடாரத்துக்குள்ளேயே பாதி காலை போனது. ஞாயிறு ஏழரை மணிக்கு ஓக் மரங்களுக்குள் ஒரு சேவல் கத்தியது. பதினைந்து நிமிடம் கழித்து இருபத்திரண்டு கெஜத்தில் தலையை நீட்டி நின்றது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. “புள்ளி தெரியுதா?” “தெரியுது.” “எப்ப வேணும்னாலும்.” நான்கு நொடி இருக்கும்.

பறவை விழுந்தது. அவள் திரும்பி, “வெடிச்சுதா?” என்று கேட்டாள். உதை தெரியவே இல்லையாம்.

பறவை சுட்டதை வேட்டைத் துறைக்குக் கைபேசியில் பதிவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கால் கறி குக்கரில் ஏழு விசிலுக்கும் மசியவில்லை, நெஞ்சுக் கறி மிளகு வறுவலில் நன்றாக வந்தது. சாப்பிடும்போதுதான் கேட்டாள்: “அப்பா, அந்த முதல் துப்பாக்கியில சின்னத் தோட்டா போட்டிருந்தா?” முக்கால் அவுன்ஸ் போட்டிருந்தால் பதின்மூன்றுக்குள் இருந்திருக்கும், புதிதாக எதுவும் வாங்கியிருக்க வேண்டாம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.