பாலம் எத்தனை மீட்டர்?

ஆற்றுப் பாலத்தின் வடிவமைப்பு வெள்ளம், அதாவது அது கடத்திவிட வேண்டிய பெருவெள்ளம், நொடிக்கு 400 கனமீட்டர் என்றால், ஆற்றின் அகலத்தைக் கணிக்கும் லேசி சூத்திரப்படி (4.8 × வெள்ள அளவின் வர்க்கமூலம்) 96 மீட்டர் நீர்வழி (நீர் பாயத் திறந்த அகலம்) வேண்டும். பாலத்தை 60 மீட்டராக நறுக்கி, மீதிக்கு மண்கரை போட்டால் செலவு மிச்சம்தான். ஆனால் மேல்பக்கம் நீர் தேங்கி வயலில் ஏறும். பாலத்தின் கண்களில் (தூண்களுக்கு இடையிலான திறப்புகளில்) நீரின் வேகம் கூடித் தூணடி மண்ணைப் பறிக்கும்.

இந்தச் சூத்திரம் தன் படுகையைத் தானே வகுத்துக்கொள்ளும் வண்டல் ஆறுகளுக்குத்தான். சதுப்புநிலத்தில் நீர் பாய் விரித்தாற்போல் பரவி மெல்ல நகரும். அங்கே ஓடையின் அகலத்தை மட்டும் அளந்து ஒரே ஒரு கண் வைத்தால், கரைக்கு ஒருபுறம் குளம், மறுபுறம் காய்ந்த கோரை. முழு ஈரநிலத்தையும் தாண்டும் பாலமே சரி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சதுப்பைத் தாண்டும் அட்சாஃபலாயா பாலம் சுமார் 29 கி.மீ. நீளம்! அவ்வளவு பணமில்லையா, கரை நெடுக இடைவிட்டுச் சிறுபாலங்கள் வையுங்கள். சிறுபாலத்துக்குப் பதில் கரைக்கடியில் நீர் போகக் குழாய் போட்டால் அதன் அடி, ஓடைப் படுகைக்குக் கீழே புதைய வேண்டும்; அதன் வாய் நீருக்கு மேலே தொங்கினால் கோடையில் மீன் ஏறாது.